குச்சி கேக்: அரையாண்டு விடுமுறைக்கு ஒரு புதுச் சரக்கு

டிசம்பர் மாதம் பிறந்தால் நம் மளிகைக் கடைகளில் முந்திரி, உலர்ந்த திராட்சை, டூட்டி ஃப்ரூட்டி, மைதா, வெண்ணெய் ஆகியவற்றின் விற்பனை கூடும் என்பது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. கிறிஸ்துமஸ் பண்டிகையும் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்து வரும் நாட்கள் அவை. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்; கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். இந்த நாட்களில் தாய்மார்கள் கேட்டு வரும் பொருட்களில் சில ஆண்டுகளாக "கேக் பாப்" சாமான்களும் சேர்ந்திருக்கின்றன. கேட்டவுடன் "அது என்னங்க?" என்று திருப்பிக் கேட்கும் கடை அந்த வியாபாரத்தை இழக்கிறது. எனவே இதைப் பற்றி உறுப்பினர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குச்சி கேக் என்பது என்ன?

கேக்கை உதிர்த்து, பாலேடு போன்ற ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, குச்சியில் செருகி, உருக்கிய சாக்லெட்டில் முக்கி எடுப்பதுதான் கேக் பாப். குச்சி ஐஸ், குச்சி மிட்டாய் போல இதைக் குச்சி கேக் என்று சொல்லிவிடலாம்.

பேக்கரித் தொழிலில் கேக்கின் ஓரம் வெட்டிய துண்டுகளை வீணாக்காமல் உருண்டையாக்கி விற்பது பழைய பழக்கம். அதையே குச்சியில் வைத்து அலங்கரித்து வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆஞ்சி டட்லி என்ற பெண்மணி. 2008-ஆம் ஆண்டு வாக்கில் இது அங்கே பரவியது. 2010-இல் இதற்கென்றே அவருடைய புத்தகம் வெளிவந்தது. நமக்கு உருண்டை பிடிப்பது புதிதல்ல. எள்ளுருண்டையும் கார்த்திகைப் பொரி உருண்டையும் பிடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கை நீட்டாத பிள்ளை கொங்கு நாட்டில் உண்டா? அதே வேலைதான் இதுவும்.

செய்முறையைக் கடைக்காரர் அறிய வேண்டும்

இந்தச் சரக்கைப் பொறுத்தவரை செய்முறை சொல்லத் தெரிந்தவரிடம்தான் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார். கணக்கு எளிது.

அரைக் கிலோ சாதாரணக் கேக், 100 கிராம் கண்டென்ஸ்டு மில்க். இரண்டும் சேர்ந்தால் 600 கிராம். 25 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 24 உருண்டை வரும். மேல்பூச்சுக்கு 300 கிராம் காம்பவுண்டு சாக்லெட், 24 குச்சி, தூவுவதற்கு 50 கிராம் வண்ணச் சர்க்கரை மணிகள் போதும்.

கேக்கை உதிர்ப்பது, உருட்டுவது, மணிகள் தூவுவது ஆகிய மூன்றும் பிள்ளைகள் வேலை. அடுப்பும் சூடான சாக்லெட்டும் பெரியவர்கள் வேலை. உருட்டியவற்றைக் கால் மணி முதல் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, குச்சியின் நுனியைச் சாக்லெட்டில் தொட்டு, உருண்டையின் பாதி ஆழம் வரை செருக வேண்டும். அது இறுகிய பிறகே முழுவதையும் முக்க வேண்டும். இரண்டு நாளைக்குள் சாப்பிட்டுத் தீர்ப்பது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு உருண்டையாகக் கொடுக்காமல் நறுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், தொண்டையில் அடைக்கும்.

வாடிக்கையாளர் திரும்பி வந்து கூறும் குறைகள் பெரும்பாலும் மூன்று.

1. "பூச்சு வெடித்துவிட்டது." உருண்டை அதிகம் குளிர்ந்து, சாக்லெட் அதிகம் சூடாக இருந்தால் இப்படி ஆகும்.

2. "உருண்டை குச்சியிலிருந்து விழுகிறது." பால் அதிகமாகிவிட்டது, அல்லது குச்சி நுனியைச் சாக்லெட்டில் தொடவில்லை.

3. "சாக்லெட் மண் மாதிரி கட்டியாகிவிட்டது." ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் இப்படித்தான் ஆகும். பாத்திரமும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். தண்ணீரில் கரைத்த நிறத்தை ஊற்றினாலும் இதே கதி. சாக்லெட்டுக்கு எண்ணெயில் கரையும் நிறம் வேண்டும்.

சாக்லெட் இருப்பு

காம்பவுண்டு என்பது கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்தது. உருக்கி ஆறவிட்டால் தானாகவே இறுகும். கோகோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லெட்டை உரிய சூட்டில் பதப்படுத்தினால்தான் பளபளப்பாக இறுகும். அது பழகிய கைக்கே வரும். ஆகவே வீட்டு உபயோகத்துக்குக் கேட்பவரிடம் காம்பவுண்டைக் கொடுங்கள். ஆனால் அதை அசல் சாக்லெட் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

சாக்லெட் அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், சோப்பு, வத்தல் மூட்டை பக்கத்தில் அடுக்க வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் கோவையின் மார்கழிக் குளிரிலும் பகல் வெயிலுக்கு இளகி, மறுநாள் வெள்ளை பூத்துவிடும்.

நிறத்தில் நாணயம் வேண்டும்

இந்தச் சரக்கை உண்பவர்கள் பிள்ளைகள். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்து, தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சில்லறையில் விற்ற ஒரு மிட்டாய், ஒரே வாரத்தில் தொழிலையே நிறுத்தியது. சாயத்தை ஊற்றியவர் ஒருவர். பிழைப்பு போனது பலருக்கு.

நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு மட்டுமே. பெயரும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், காலாவதித் தேதியும் அச்சிட்ட மூடிய பொட்டலத்தைத் தவிர வேறு நிறத்தை வாங்காதீர்கள். மினுமினுக்கும் ஜிகினாத் தூள்களில் சில அலங்காரத்துக்கு மட்டுமே, உண்பதற்கு அல்ல. பொட்டலத்தைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

செயற்கை நிறம் வேண்டாம் என்பவருக்கு நம் பக்கத்துச் சரக்கே இருக்கிறது. பொள்ளாச்சிப் பகுதியின் உலர்ந்த தேங்காய்த் துருவல் பனி விழுந்தாற்போல் வெள்ளையாக ஒட்டும். அதையே பீட்ரூட் சாற்றில் பிசறி நன்றாகக் காயவைத்தால் இளஞ்சிவப்பு. ஈரோட்டு மஞ்சள் ஒரு சிட்டிகை சேர்த்தால் மஞ்சள்.

குச்சியும் சட்டமும்

1.7.2022 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களில் மிட்டாய்க் குச்சியும் ஐஸ்கிரீம் குச்சியும் அடக்கம். அலங்காரத்துக்கான தெர்மாகோலும் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே காகிதக் குச்சி அல்லது மரக்குச்சி மட்டுமே இருப்பு வையுங்கள். கூர்முனை உள்ள குச்சி பிள்ளைகளுக்கு ஆகாது. குச்சிகளை நிறுத்தி வைக்கத் தெர்மாகோல் கேட்பவரிடம், படியில் அரிசியை நிரப்பிக் குத்தி வைக்கச் சொன்னால் போதும்.

முட்டை சேர்ந்ததா?

கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். அந்த மாதத்தில் பல வீடுகளில் ஐயப்பன் விரதம் இருக்கும். முட்டையும் அசைவமும் உள்ளே வராது. முட்டைக்குப் பேர் போன நாமக்கல் நம் கொங்கு நாட்டில்தான் இருக்கிறது என்றாலும், "அண்ணா, முட்டை போடாத கேக் இருக்குங்களா?" என்ற கேள்வியை இந்த நாட்களில் தினமும் கேட்கலாம். சட்டப்படி முட்டை சேர்ந்த பண்டத்துக்கு அசைவக் குறியே போட வேண்டும். இரண்டு வகையையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள். அலங்காரத்துக்கு வரும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அதன் குறியையும் பாருங்கள். விரத வீட்டுக்குத் தெரியாமல் முட்டைக் கேக் போய்விட்டால், அந்த வாடிக்கையாளர் வெறும் கோபத்தோடு நிற்க மாட்டார். தெரு முழுக்கச் சொல்வார்.

பொதியாக விற்பவர்களுக்கு

கேக், பால் டப்பா, சாக்லெட், குச்சி, மணிகள், ஒரு பக்கச் செய்முறைத் தாள் ஆகியவற்றை ஒரே பொதியாகக் கட்டி வைத்தால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கலாம். கவனிக்க வேண்டியவை:

22.9.2025 முதல் கேக், சாக்லெட், கண்டென்ஸ்டு மில்க் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். ஆனால் பல பொருட்களைச் சேர்த்து ஒரே விலை போட்டால், அவற்றில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதமே முழுப் பொதிக்கும் பொருந்தும். அச்சு, பாத்திரம் போன்றவற்றைத் தனி விலையில் தனியாகவே பில் போடுங்கள்.

மொத்தச் சாக்லெட்டையோ மணிகளையோ பிரித்துச் சிறு பொட்டலம் போடுபவர் உணவுப் பாதுகாப்புப் பதிவும், எடையும் தேதியும் விலையும் கொண்ட சீட்டும் இல்லாமல் விற்கக் கூடாது.

பேக்கரி உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அன்றைய கேக்கின் ஓரம் வெட்டிய துண்டு வேறு. விற்காமல் நாள்பட்ட கேக் வேறு. முன்னதை உதிர்த்துக் குறைந்த விலையில் கொடுக்கலாம், வாங்குபவருக்கும் லாபம். பின்னதை உதிர்த்துச் சாக்லெட் பூச்சில் மறைக்கலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. அதைத் தின்னப் போவது நம் தெருப் பிள்ளைகள்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே அளவோடு கொள்முதல் செய்யுங்கள். பொங்கல் வந்துவிட்டால் தேவை கரும்புக்கும் வெல்லத்துக்கும் மாறிவிடும். மிச்சம் இருக்கும் வண்ண மணிகளுக்குக் கேட்பவர் குறைவு. முதல் ஆண்டு சிறிதாகத் தொடங்கி, எவ்வளவு போயிற்று என்று குறித்து வைத்தால் அடுத்த ஆண்டுக் கணக்குக்கு அதுவே உதவும்.