போனஸ் பணத்தில் காமிரா வாங்கலாமா?

மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் லாமிங்டன் ரோடு வந்துவிடும். முன்பு ரேடியோ உதிரிப் பாகங்களுக்கும் டேப் ரிக்கார்டருக்கும் இத்தெருவைத் தேடி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று மைக், லைட், காமிரா என்று விசாரிக்கிறார்கள். யூ-டியூபில் சமையல் சொல்லித் தரலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தலாம், மும்பையில் வேலை தேடி வருவோருக்கு வழி சொல்லலாம் என்ற ஆசை இப்போது பலருக்கும் உண்டு. ஆசையில் தவறில்லை. ஆனால் எதை முதலில் வாங்குவது என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக் கொள்வோம். தாராவியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவுக்குத் தீபாவளி போனஸாக 30,000 ரூபாய் கிடைக்கிறது. அவருடைய மனைவி நெல்லைச் சமையலில் கைதேர்ந்தவர். கடையில் காட்டப்படும் காமிராவின் விலை 70,000. கையில் உள்ளதைக் கட்டிவிட்டு, மீதி 40,000-ஐத் தவணையில் செலுத்தலாம் என்று கடைக்காரர் யோசனை சொல்கிறார். குமாஸ்தா என்ன செய்ய வேண்டும்?

அன்று காமிராவே வாங்காமல் திரும்புவதுதான் நல்லது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் குரல்

படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக் கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் அரை நிமிஷத்தில் வேறு விடியோவுக்குப் போய்விடுவார்கள். எனவே செலவிடும் முதல் ரூபாய் மைக்குக்குப் போக வேண்டும்.

இரண்டு மீட்டர் தள்ளி வைத்த செல்போன், பேசுபவரின் குரலோடு மின்விசிறி, குக்கர் விசில், அடுத்த வீட்டு டி.வி., மின்சார ரயில் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பதிவு செய்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் கூடும். இரண்டு மீட்டரை 25 சென்டிமீட்டராக்கினால் 18 டெசிபல், அதாவது ஒலியழுத்தத்தில் ஏறக்குறைய 8 மடங்கு கூடுகிறது. மின்விசிறியின் ஓசையோ அப்படியே இருக்கிறது. ஆகவே விலை உயர்ந்த மைக் தூரத்தில் இருப்பதைவிட, சாதாரண மைக் அருகில் இருப்பது மேல்.

சட்டையில் குத்திக்கொள்ளும் ஒயர் வைத்த காலர் மைக் சுமார் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 6 மீட்டர் ஒயருடன் வரும் வகைகளும் உண்டு. வாங்கும்போது பின்னைக் கவனிக்க வேண்டும். செல்போனுக்குரிய பின்னில் மூன்று கறுப்பு வளையங்களும், காமிராவுக்குரியதில் இரண்டும் இருக்கும். மாற்றிச் செருகினால் குரல் பதிவாகாமல் போகலாம். இப்போதைய செல்போன்கள் பலவற்றில் ஹெட்போன் துவாரமே இல்லை. அவற்றுக்கு டைப்-சி மைக்கோ அடாப்டரோ தேவை. எல்லா அடாப்டரும் எல்லாப் போனுக்கும் ஒத்து வராது. கடையிலேயே செருகி, பேசி, பதிவைக் கேட்ட பிறகு பணம் கொடுப்பது நல்லது.

ஒயர் இல்லாத மைக் ஜோடி சுமார் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இருக்கும். நடந்துகொண்டே பேசுவோருக்கும், இருவர் உரையாடும் விடியோவுக்கும் அது வசதி. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. வைஃபையும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. மனித உடலும் அந்த அலையைத் தடுக்கும். நெருக்கமான குடியிருப்புகளில் மைக்கும் ரிசீவரும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால் குரல் விட்டுவிட்டு வராது.

உட்கார்ந்து பாடம் நடத்துவோர் மேஜை மைக் வாங்கலாம். கண்டென்சர் மைக் நுண்ணிய ஓசையையும் பிடிக்கும். அமைதியான அறைக்கு ஏற்றது. இரைச்சல் மிகுந்த சால் வீட்டுக்கு, வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பேசும் டைனமிக் மைக் பொருந்தும். அதிலும் யு.எஸ்.பி. ஒயர் உள்ளதை வாங்கினால் நேரே கம்ப்யூட்டரில் செருகிவிடலாம். எக்ஸ்.எல்.ஆர். வகைக்குத் தனியாக ஓர் ஆடியோ இன்டர்பேஸ் வாங்க வேண்டும். எக்ஸ்.எல்.ஆர். கண்டென்சராக இருந்தால் அந்தக் கருவி 48 வோல்ட் மின்சாரமும் தர வேண்டியிருக்கும். இந்தக் கூடுதல் செலவு மைக்கின் விலைச் சீட்டில் தெரியாது.

வெற்றுச் சுவர்கள் குரலை எதிரொலிக்கும். இதற்குக் காசு தேவையில்லை. பேசுபவருக்கு எதிரே கொடியில் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டு, தரையில் மெத்தையை விரித்தால் எதிரொலி பெருமளவு அடங்கிவிடும்.

அடுத்து வெளிச்சம்

சன்னலைப் போன்ற நல்ல விளக்கு கிடையாது. அதற்கு வாடகையும் இல்லை. முகம் சன்னலைப் பார்த்திருக்க வேண்டும். சன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருண்டுவிடும். மாலை வேலை முடிந்து வந்த பிறகே விடியோ எடுக்க முடியும் என்பவர்களுக்குச் சுமார் 3,500 ரூபாயில் ஓர் எல்.இ.டி. லைட் போதும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண் 95 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது குறைந்தால் குழம்பின் நிறமும் தோலின் நிறமும் சோகை பிடித்தது போலத் தெரியும். வெளிச்சத்தை நேரே முகத்தில் அடிக்காமல் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைக்கலாம். சற்று தள்ளிக் கட்டிய வெள்ளை வேட்டி வழியாகவும் விடலாம். சூடாகும் விளக்கில் துணி படக் கூடாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் சில டியூப் லைட்டுகளும் மலிவான பல்புகளும் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கல் விடியோவில் கோடு கோடாக ஓடும். படப்பதிவை விநாடிக்கு 25 பிரேம், ஷட்டரை 50-இல் ஒரு பங்கு என்று அமைத்தால் கோடுகள் மறையும்.

காமிரா கடைசியில்

கையில் உள்ள செல்போன் ஓரளவு நல்லதாக இருந்தால் அதன் பின்பக்கக் காமிராவே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் ஆடாத ஸ்டாண்டு வேண்டும். பார்ப்பவர்களில் பலர் செல்போனிலேயே பார்ப்பதால் 1080 அளவுப் படம் குறையொன்றும் தராது. 4கே படம் விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இடம் பிடிக்கும். அதைத் தாங்கும் கார்டும் கம்ப்யூட்டரும் தனிச் செலவு.

சில மாதங்கள் கழித்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் எடுக்கவோ பலவகை லென்ஸ் மாற்றவோ அவசியம் வந்தால் அப்போது காமிரா வாங்கலாம். சோனி இசட்.வி.-இ10, கேனன் ஆர்50 போன்றவை விடியோ எடுப்பவர்களை மனத்தில் கொண்டு வந்தவை. எந்தக் காமிராவானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வெளி மைக் செருகத் துவாரம் இருக்கிறதா? விலை குறைந்த சில டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களில் அது இல்லை. திரை முன்பக்கம் திரும்புமா? முகம் நகரும்போது போகஸ் கூடவே வருமா? எத்தனை நிமிஷம் தொடர்ந்து பதிவாகும்? பழைய மாடல்கள் பல 29 நிமிஷம் 59 விநாடியில் நின்றுவிடும். 4கேயில் படத்தின் ஓரம் வெட்டுப்படுமா? சில காமிராக்களில் அப்படி வெட்டுப்படுவதால் சிறிய அறையில் முகம் மட்டுமே திரையை அடைத்துக் கொள்ளும்.

மும்பை மழைக் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பது அவசியம்.

பில்லும் தவணையும்

பில் இல்லாவிட்டால் விலை குறையும் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒட்டுச் சீட்டு இல்லாத பொருளுக்கு இந்திய வாரண்டி கிடைப்பது சந்தேகம். ஜி.எஸ்.டி. பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்திலும் எச்சரிக்கை வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சுட்டிக் காட்டியது. வட்டி என்ற பெயரில் வராதது பிராசஸிங் கட்டணமாகவோ, ரொக்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியை இழப்பதாகவோ வந்து சேரும்.

விடியோ வருமானத்தில் தவணையைக் கட்டிவிடலாம் என்பதும் ஆபத்தான கணக்கு. யூ-டியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை என்ற விதி 2018-இல் வந்தது. 4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். ஒருவர் ஒரு முறைக்கு 4 நிமிஷம் பார்த்தால் 60,000 முறை பார்க்கப்பட வேண்டும். சிறு விடியோக்களுக்கு வேறு வழி உண்டு; அதற்கு 90 நாளில் 1 கோடிப் பார்வை தேவை. அதுவரை விளம்பர வருமானம் இல்லை. தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும்.

குமாஸ்தாவின் பட்டியல்

ஆகவே நம் குமாஸ்தாவின் பட்டியல் இப்படி அமையலாம்: காலர் மைக் 1,000 ரூபாய், உறுதியான ஸ்டாண்டு 2,000, எல்.இ.டி. லைட் 3,500, பதிவைக் கேட்க ஹெட்போன் 1,500. மொத்தம் 8,000. விலை கடைக்குக் கடை சற்று மாறலாம். படத்தைத் தொகுக்க, கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு உண்டு. குரலைச் சீர்செய்ய ஆடாசிட்டி இலவசம். மீதி 22,000 வங்கியில் இருக்கட்டும்.

வாரம் ஒன்றாக இருபது விடியோ எடுத்துப் பார்த்தால், இந்த வேலையில் மனம் தொடர்ந்து ஈடுபடுகிறதா என்பது தெரிந்துவிடும். எந்தக் கருவி உண்மையில் குறைகிறது என்பதும் அப்போதுதான் புலப்படும். காமிராதான் குறை என்று தோன்றினால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு ரொக்கமாக வாங்கலாம். ஈடுபாடு குறைந்துவிட்டால் இழப்பு 8,000-க்கு மேல் போகாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் அதனால் பங்கம் வராது.