டீத்தூளுக்கும் கைரேகை உண்டு!

குட்டீஸ், கடையில் ஒரு டீத்தூள் பாக்கெட்டைப் பார்க்கிறீர்கள். 'டார்ஜிலிங் தேயிலை' என்று பளபளப்பான எழுத்தில் அச்சடித்திருக்கிறது. விலையும் ரொம்ப அதிகம். உள்ளே இருப்பது நிஜமாகவே டார்ஜிலிங்கில் விளைந்த தேயிலைதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தத் தேயிலையிடமே கேட்டுவிடலாம்! அது எப்படி என்று பார்ப்போமா?

யாருக்கு நஷ்டம்?

டார்ஜிலிங், மேற்கு வங்க மாநிலத்தில் இமயமலைச் சரிவில் இருக்கிறது. 1841ல் காம்பெல் என்ற டாக்டர் தன் வீட்டுத் தோட்டத்தில் தேயிலை விதைகளை ஊன்றினார். அங்கே தேயிலை வளர்ந்த கதை இப்படித்தான் தொடங்கியது. இன்று அதன் மணமும் சுவையும் உலகம் முழுவதும் பிரபலம்.

2004ல் டார்ஜிலிங் தேயிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் இந்தக் குறியீட்டைப் பெற்ற முதல் பொருள் இதுதான். அந்தப் பகுதியில் விளைந்த தேயிலையை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம் என்பது இதன் பொருள்.

ஆனால், வேறு ஊர் தேயிலையை அந்தப் பெயரில் விற்று லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இதனால் வாங்குபவர் ஏமாறுகிறார். செங்குத்தான சரிவில் கூடையைச் சுமந்தபடி, கையால் கொழுந்து பறிக்கிறார்களே... அவர்களின் உழைப்புக்குக் கிடைத்த நல்ல பெயரும் திருடு போகிறது!

மண் போட்ட கையெழுத்து

மண் எப்படி உண்டாகிறது? பாறைகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, நொறுங்கித்தான் மண் ஆகிறது. ஊருக்கு ஊர் பாறை வேறு. அதனால் மண்ணில் உள்ள தாதுக்களும் வேறு வேறு அளவில் இருக்கும்.

தேயிலைச் செடிக்கு அமிலத் தன்மை உள்ள மண்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம், மாங்கனீஸ் போன்றவை நீரில் எளிதாகக் கரையும். பல செடிகளின் வேர்களுக்கு அலுமினியம் ஆகாது. தேயிலைச் செடியோ அதை உறிஞ்சி, இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது! கொழுந்தில் குறைவாகவும், முற்றிய இலையில் மிக அதிகமாகவும் இருக்கும். அலுமினியமா என்று பயப்படாதீர்கள். டீ போடும்போது அதில் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும்.

தேயிலையில் அதிகம் இருக்கும் தாது, பொட்டாசியம். கால்சியம், மக்னீசியமும் உண்டு. ருபீடியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்றவை மிக மிகச் சிறிய அளவில் இருக்கும். எது எவ்வளவு என்ற கணக்குதான் தேயிலையின் கைரேகை!

மத்தாப்பு ரகசியம்

இந்தக் கைரேகையை எப்படிப் படிப்பது? தீபாவளி மத்தாப்பை நினைத்துப் பாருங்கள். சிவப்பு நிறம் வருவது ஸ்ட்ரான்சியத்தால். பச்சை நிறம் வருவது பேரியத்தால். சூடாகும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை வெளியிடும்.

ஆய்வுக்கூடத்திலும் இதே தந்திரம்தான்! டீத்தூளை அமிலத்தில் கரைப்பார்கள். அந்தக் கரைசலைப் பனிபோலத் தூவி, 6,000 டிகிரிக்கும் அதிகமான வெப்பத்தில் செலுத்துவார்கள். வரும் ஒளியைக் கருவி பிரித்துப் பார்த்து, எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லிவிடும். அந்தக் கணக்கை, ஊர் தெரிந்த தேயிலைகளின் கணக்கோடு கம்ப்யூட்டர் ஒப்பிடும். ஆப்பிரிக்கத் தேயிலை எது, ஆசியத் தேயிலை எது என்று உலோகங்களின் அளவை வைத்தே பிரிக்க முடியும் என்பதை, 2003ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எப்போதும் சுலபமா?

இல்லை. டார்ஜிலிங்கை ஒட்டியே நேபாள நாட்டின் இலாம் மாவட்டம் இருக்கிறது. அங்கேயும் தேயிலை விளைகிறது. பக்கத்துப் பக்கத்து மலைகளில் மண் ஒரே மாதிரி இருந்தால், கைரேகையும் ஒரே மாதிரிதானே இருக்கும்? வயலில் போடும் உரமும், இலையை உருட்டும் இயந்திரத்தின் உலோகமும்கூட கணக்கை மாற்றிவிடும். அதனால்தான் விஞ்ஞானிகள் ஒரே ஒரு தாதுவை நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நீங்களும் பாருங்கள்!

அம்மா, அப்பா உதவியோடு பால் கலக்காத டீ இரண்டு கோப்பை போடுங்கள். ஒன்றுக்குப் போர் தண்ணீர். மற்றொன்றுக்குச் சுத்திகரித்த கேன் தண்ணீர். சற்று நேரம் ஆறவிடுங்கள். உங்கள் ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால், அந்த டீயின் மேல் மெல்லிய ஏடு படியும். தண்ணீரில் உள்ள கால்சியம் செய்யும் வேலை இது! தண்ணீரும் தாதுவைக் கொண்டுவந்து குழப்பும். விஞ்ஞானிகள் கோப்பையில் உள்ள டீயை விட்டுவிட்டு, காய்ந்த டீத்தூளைச் சோதிக்கிறார்கள்.

இனி வீட்டில் டீத்தூள் டப்பாவைத் திறக்கும்போது, 'நீ எந்த மலையிலிருந்து வந்தாய்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது!