பெரி சுந்தரம்: சட்டம் படித்தவர், சட்டம் செய்த சபைக்குப் போனவர்

நம் சப்ரகமுவவின் ஓப்பநாயக்கவில் றப்பர் பால் வெட்டப் போனவர் சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால், தோட்ட நிர்வாகம் நட்டஈடு தர வேண்டும். அது துரையின் தயவு அல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தந்த உரிமை. அது நிறைவேறியபோது தொழில் அமைச்சராக இருந்தவர் மலையகத் தமிழர், பெரி சுந்தரம். நம் பாடசாலைகளில் இந்தப் பெயர் போதிய அளவு சொல்லப்படாதது எனக்குப் பெரிய வருத்தம்.

1890இல் பிறந்த அவர், கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து பாரிஸ்டரானார். கொழும்பில் வழக்காடிப் பணம் சேர்த்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கலாம். அவரோ சேர் பொன்னம்பலம் அருணாசலத்துடன் சேர்ந்து 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைக் கட்டியெழுப்பினார்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆளைக் கட்டிப் போட்டது துண்டு முறை. கங்காணியிடம் பட்ட கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் அந்தத் தோட்டம் கடனைக் கட்ட வேண்டும். கட்டிய தொகை மறுபடியும் அந்த ஆளின் தலையிலேயே ஏறும். தோட்டம் மாறினாலும் கடன் மாறாது. அருணாசலமும் சுந்தரமும் இந்தக் கொடுமையை எதிர்த்து விடாமல் வாதாடினார்கள். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. சுந்தரத்தின் வாழ்க்கையில் நான் முதலில் வைப்பது இதைத்தான்; அப்போது அவர் கையில் எந்த அரசாங்கப் பதவியும் இல்லை.

டொனமூர் அரசியலமைப்பின்படி 1931இல் நடந்த முதல் அரசாங்க சபைத் தேர்தலில், ஹட்டனில் போட்டியின்றித் தெரிவானார். யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்ததால், முதல் அமைச்சரவையின் ஏழு பேரில் அவர் ஒருவரே தமிழர். தொழில், கைத்தொழில், வர்த்தகம் மூன்றும் அவர் பொறுப்பு. நட்டஈட்டுச் சட்டமும் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் அந்தச் சபையில்தான் நிறைவேறின.

அவரிடம் ஒரு குறை உண்டு. லயத்து வாசலில் நின்று பேசிய தலைவர் அவரல்ல; தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் அப்படி நின்றார்கள். 1936இல் ஹட்டன் நடேசய்யரைத் தெரிவு செய்தது. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனாலும் மேடைப் பேச்சு கலைந்த பிறகு தொழிலாளி கையில் மிஞ்சுவது சட்டம்தான்.

ஹட்டனுக்குக் கிடைத்தது போன்ற பிரதிநிதித்துவம்கூட சப்ரகமுவவுக்கு வாய்க்கவில்லை. 1947இல் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஆசனங்களில் ஒன்றுகூட இரத்தினபுரியிலோ கேகாலையிலோ இல்லை. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. பிறகு வாக்கும் பறிபோனது. அப்போதும் நட்டஈட்டுச் சட்டம் நின்றது. வாக்கில்லாத தொழிலாளிக்கும் அது பொருந்தியது.

ஓப்பநாயக்க, பலாங்கொடை, இறக்குவானைத் தோட்டங்களில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலையில் குளவி கொட்டினாலும் விழுந்து அடிபட்டாலும் உடனே தோட்டக் காரியாலயத்தில் எழுத்தில் அறிவியுங்கள். ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வையுங்கள். வாசிக்காமல் எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். நிர்வாகம் தட்டிக் கழித்தால் தொழில் காரியாலயத்துக்குப் போய், தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கும் வழியைக் கேளுங்கள்.