மூன்றே பொருள்... ஊருக்கு ஒரு ருசி! - ஜெர்மன் பீரின் 500 ஆண்டுக் கதை

ஜெர்மனியின் கொலோன் நகரில் போய் 'ஆல்ட்' பீர் கேட்டால், பரிமாறுபவர் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் நகர்வார். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது டுசல்டார்ஃப். அங்கே 'கோல்ஷ்' கேட்டாலும் இதே கதைதான். இரண்டு பீருக்கும் மூலப்பொருள்கள் கிட்டத்தட்ட ஒன்றே. பிறகு எப்படி ஊருக்கு ஊர் ருசி மாறுகிறது?

டியூக் போட்ட சட்டம்

1516 ஏப்ரல் 23. பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் டியூக் நான்காம் வில்ஹெல்ம் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர்... இந்த மூன்றைத் தவிர பீரில் எதுவும் சேர்க்கக் கூடாது. இதுதான் 'ரைன்ஹைட்ஸ்கெபோட்' என்ற தூய்மைச் சட்டம். ஆனால், அதன் பெரும்பகுதி பேசியது பீரின் விலையைப் பற்றித்தான்! ஈஸ்ட் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நுண்ணுயிர்தான் நொதிக்க வைக்கிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

வாழைப்பழம் இல்லாமல் வாழைப்பழ வாசம்

கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பதால் பீருக்குத் தடை. ஆனால், சட்டம் போட்டவர்களுக்கே விதிவிலக்கும் இருந்தது. 1602-ல் கோதுமை பீர் தயாரிக்கும் உரிமை டியூக் மாக்ஸிமிலியன் கைக்கு வந்தது. அதன்பின் அது அரச குடும்பத்தின் ஏகபோகம். 1872-ல்தான் கியோர்க் ஷ்னைடர் என்ற தயாரிப்பாளர் அந்த உரிமையைப் பெற்றார்.

இன்று 'ஹெஃபவைசன்' என்று அழைக்கப்படும் இந்த பீரில் வாழைப்பழம், கிராம்பு வாசம் தூக்கும். இரண்டையுமே யாரும் சேர்ப்பதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் உருவாக்கும் வாசம் அது. பீர் கலங்கலாக இருப்பதற்கும் ஈஸ்ட் ஒரு காரணம்.

மரநிழலில் பிறந்த பீர் தோட்டம்

கோடையில் காய்ச்சிய பீர் சீக்கிரம் கெட்டுப்போனது. அதனால் 1553-ல் பவேரியாவில் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சத் தடை வந்தது. மார்ச்சில் காய்ச்சி, நிலவறையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மாதக்கணக்கில் வைத்தார்கள். 'லாகர்' என்றாலே சேமிப்பு என்றுதான் பொருள். நிலவறை சூடாகாமல் இருக்க மேலே செஸ்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் மேஜை போட்டதுதான் இன்றைய பீர் தோட்டம்.

1842-ல் போஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசப் கிரோல் என்ற பவேரியர் பொன்னிற லாகரைத் தயாரித்தார். அதுவே 'பில்ஸ்னர்'. வட ஜெர்மனியில் இதன் கசப்பு தூக்கல். 1894-ல் மியூனிக்கின் ஷ்பாடன் நிறுவனம் கசப்பைக் குறைத்து 'ஹெலஸ்' கொண்டுவந்தது.

பக்கத்து ஊர்ப் பகை

கொலோனின் கோல்ஷ் வெளிர் பொன்னிறம், இலகுவான ருசி. 200 மில்லி மட்டுமே பிடிக்கும் ஒல்லியான கிளாஸில் வரும். காலியாகக் காலியாக, கேட்காமலேயே அடுத்த கிளாஸ் வந்துகொண்டிருக்கும். போதும் என்றால் கிளாஸை அட்டையால் மூடிவிட வேண்டும். 1986-ல் 24 தயாரிப்பாளர்கள் ஒப்பந்தம் போட்டு இந்தப் பெயரைப் பாதுகாத்தார்கள். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

டுசல்டார்ஃபின் ஆல்ட் செம்பு நிறம், கசப்பும் கூடுதல். 'ஆல்ட்' என்றால் பழைய என்று அர்த்தம். லாகர் அலை வந்தபோதும் பழைய முறையை விடாத ஊர் அது.

பாம்பெர்க் நகரிலோ பீரிலேயே புகை வாசம்! முளைகட்டிய பார்லியை பீச் மர விறகுத் தீயில் உலர்த்துவதுதான் காரணம். நவீன உலைகள் வந்த பிறகும் சில தயாரிப்பாளர்கள் விறகைக் கைவிடவில்லை.

செத்துப் பிழைத்த கோஸே

எல்லா ருசிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. லைப்சிக்கின் 'கோஸே' பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும், புளிப்பாக இருக்கும். தூய்மைச் சட்டத்துக்கு நேர் எதிர். 1966-ல் அதைத் தயாரிக்க ஆளில்லாமல் அடியோடு நின்றுபோனது. 1980-களில் லைப்சிக்கின் பழைய கோஸே மதுக்கூடம் ஒன்றை மீண்டும் திறக்க நினைத்தார் லோதர் கோல்ட்ஹான். அதற்கு கோஸே வேண்டுமே? முன்பு குடித்தவர்களைத் தேடிப்பிடித்து, ருசி எப்படி இருந்தது என்று விசாரித்தார். பிறகு அதைக் காய்ச்சித் தர ஆள் தேடினார். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கோஸே திரும்பி வந்தது. இன்று அமெரிக்காவிலும் தயாராகிறது.

இப்போது மற்ற பீர்களுக்கும் நெருக்கடி. 1970-களில் மேற்கு ஜெர்மனியில் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 150 லிட்டர் பீர் குடித்தார். இன்று ஜெர்மனியில் அது 90 லிட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. இளைஞர்கள் ஆல்கஹால் இல்லாத பீருக்கு மாறுகிறார்கள். உடல்நலத்துக்கு நல்ல செய்திதான். ஆனால், தலைமுறைகளாக நடந்துவந்த சிறிய ஆலைகள் பல மூடப்படுகின்றன. பெரிய நிறுவனங்கள் பிழைத்துக்கொள்ளும். ஒரே ஊரில் மட்டும் காய்ச்சப்படும் ருசிகள் என்ன ஆகும் என்பதுதான் அங்கே இப்போது கவலை. கோஸேயின் ருசியைச் சொல்ல 20 ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் இருந்தார்கள். அடுத்த முறையும் இருப்பார்களா?

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு)