கணினி எழவில்லையா? அவசரப்படாதீர்!

வீட்டுக் கணினி நீலத்திரை காட்டி நின்றுவிட்டால், அதிலுள்ள நிக்காஹ் படங்களும் பத்திர நகல்களும் அழிந்துவிட்டன என்று எண்ணாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. 'சேஃப் மோடில்' திறந்து அந்த ஒரு கோப்பை நீக்கியதும் பல கணினிகள் எழுந்துகொண்டன. ஆவணங்கள் அப்படியே இருந்தன.

ஆகவே, ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்குப் பழுது பார்க்கக் கொண்டு செல்லும்போது, "ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். பென்டிரைவில் ஏற்றிய லினக்ஸ் மென்பொருளால் கணினியை இயக்கி, முதலில் கோப்புகளை நகலெடுக்கச் சொல்லுங்கள். வன்தட்டு 'டிக் டிக்' என ஒலித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். மேலும் இயக்கினால் சேதம் பெருகும். கணினி போனால் வேறொன்று வாங்கலாம். மர்ஹூமாகிவிட்ட அத்தாவின் படத்தை எங்கே வாங்குவது?