உங்களுக்குத் தெரியுமா?

வீட்டுத் தியேட்டர் கணினிகளில் ஓடும் 'கோடி' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டிக்காகப் பிறந்தது. அதுவும் அந்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல்! பழைய பெயர் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர். 'கோடி' ஆனது 2014-ல்.

• இதில் 'பாஸ்த்ரூ'வை ஆன் செய்தால், டால்பி, டிடிஎஸ் ஒலி பிரிக்கப்படாமல் அப்படியே ஏவி ரிசீவருக்குப் போய்விடும். அப்புறம் கோடியில் வால்யூமை எவ்வளவு கூட்டினாலும் சத்தம் மாறாது. ரிசீவரின் ரிமோட்டைத்தான் தேட வேண்டும்.

• சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். திரை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். கணக்கு இடிக்கிறதா? அதனால் ஒரு ஃப்ரேம் 3 முறை, அடுத்தது 2 முறை என்று மாறி மாறி வரும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளைக் கவனியுங்கள், படம் லேசாகத் துள்ளும். பழி டிவி மேல் விழும், பாவம். படத்துக்கேற்ப ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி கோடியின் வீடியோ செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

• 'ராஸ்பெர்ரி பை' என்ற குட்டிக் கணினியில் கோடி ஓடினால் டிவி ரிமோட்டே போதும். கட்டளைகள் ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே போகும். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது.