குகையும் கடலும் ஒரே நாளில்

குடும்பத்துடன் ஒரு நாள் வெளியூர் சென்று வருதல் எளிய செயல் என்று பலர் கருதுவர். வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு, கட்டுச்சோற்றையும் எடுத்துக்கொண்டால் மற்றவை தாமே நடந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். ஆயின், அவ்வாறு சென்றவர் மாலையில் திரும்பும் கோலத்தைப் பாருங்கள். பாட்டியாருக்கு முழங்கால் வலி. குழந்தைக்கு வெயிலால் காய்ச்சல். தந்தையாருக்கு வண்டி வாடகையைப் பற்றிய மனக்கசப்பு. 'என்ன கண்டு வந்தீர்கள்?' என்று வினவினால், 'எல்லாம் கண்டோம்' என்பர். 'அவற்றுள் நெஞ்சில் நின்றது யாது?' என்று மீண்டும் வினவினால் விடை வருவதில்லை. பத்து இடங்களைப் பார்த்தும் ஓர் இடமேனும் மனத்தில் பதியாவிடின், அதனைப் பயணம் என்பதைவிட அலைச்சல் என்பதே பொருந்தும்.

இக்குறைக்குக் காரணம் திட்டமின்மையே. திட்டம் என்பது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அன்று. எந்த இடத்தை எந்த வேளையில், யாருடைய நடைக்கு ஏற்பப் பார்ப்பது என்று முன்னரே எண்ணித் துணிவதே திட்டமாகும். அதிலும், குகையையும் கடற்கரையையும் ஒரே நாளில் சேர்த்துக் காண விரும்புவோர் இதனை மிகவும் கருத வேண்டும். குகையைக் காண ஒளி வேண்டும். கடலை அணுக அச்சம் கலந்த அறிவு வேண்டும். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு திட்டம் வகுக்கும் பொறுப்பைப் பெரியோரிடம் விட்டுவிடாமல், மாணவர்களாகிய நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய சில செய்திகளை இன்று கூற விரும்புகின்றேன்.

முதலாவது, இடத்தைத் தேர்தல். குகைக்கும் கடலுக்கும் இடையேயுள்ள தொலைவே இங்கு முதன்மையானது. ஆந்திர நாட்டிலுள்ள போரா குகைகள் சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்து உண்டான இயற்கைக் குகைகள். வியத்தகு காட்சி உடையவை. அவற்றுக்கு அணித்தாகிய பெருங்கடற்கரை விசாகப்பட்டினத்தில் உள்ளது. எனினும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 90 கிலோமீட்டர், வழியோ மலைவழி. ஒரே நாளில் இரண்டையும் காண முயன்றால் நாளின் பெரும்பகுதி வண்டியிலேயே கழியும். நம் சென்னைக்குத் தெற்கே, 60 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ள மாமல்லபுரத்தில் அத்தகைய இடர்ப்பாடு இல்லை. அங்கே குகையிலிருந்து கடலுக்கு நடந்தே செல்லலாம். ஆதலின் அவ்வூரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மாமல்லபுரத்துக் குகைகள் இயற்கையாக அமைந்தவை அல்ல; மனிதர் குடைந்தவை. அதனால் அவற்றைக் குடைவரைகள் என்கின்றோம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி ஒரு கோயிலை அமைத்த செய்தியை மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அவன் மகனே மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன். ஊரின் பெயர் அவனைக் குறித்தது. தந்தை தொடங்கிய கலை மகன் காலத்தில் இக்கடற்கரைப் பாறைகளில் தழைத்தது. 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வூர்ச் சின்னங்களை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

இரண்டாவது, காலத்தைத் தேர்தல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எழுவதும் கடல் கொந்தளிப்பதும் அப்பொழுதே மிகுதி. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை பாறைகள் அனல் கக்கும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களே குடும்பத்துடன் செல்லத் தக்கவை. விடுமுறை நாளாக இருப்பின் கூட்டம் மிகும். இயலுமாயின் வேறு நாள் நன்று.

மூன்றாவது, செல்லும் வகை. பேருந்தில் செல்வது செலவு குறைந்தது. எனினும் முதியோரும் சிறு குழந்தையும் உடன் வரும்போது தனி வண்டி அமர்த்துதல் பயன் தரும்; களைத்தவர் இளைப்பாற ஓர் இடம் எப்பொழுதும் இருக்கும். வாடகை, காத்திருக்கும் நேரத்திற்குரிய தொகை, வழியிலுள்ள சுங்கக் கட்டணம், ஓட்டுநரின் உணவு ஆகிய அனைத்தையும் புறப்படுமுன்னரே பேசி, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முன்னர்ப் பேசாத காசே பின்னர்ப் பகையாகிறது.

இனி நாளின் ஒழுங்கைக் காண்போம். பாட்டியார், பெற்றோர், கல்லூரியில் பயிலும் மகள், பள்ளியில் பயிலும் மகன், ஐந்து வயதுச் சிறுமி என அறுவர் கொண்ட ஒரு குடும்பம் செல்வதாக வைத்துக்கொள்வோம். விடியுமுன் சென்னையை விட்டுப் புறப்பட்டால் ஏழு மணி அளவில் மாமல்லபுரத்தை அடையலாம். அவ்வளவு விரைந்து செல்வானேன் என்று கேட்பீர்கள். காரணம் கதிரவனே. அருச்சுனன் தவம் என்றும் கங்கையின் வருகை என்றும் அறிஞர் இருவகையாகக் கூறும் பெரும் புடைப்புச் சிற்பம் கிழக்கு நோக்கியது. ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உடைய அப்பாறையின்மீது இளவெயில் படும்போது ஒவ்வோர் உருவமும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சிப்பொழுதில் அந்நிழல் மறைய, சிற்பமும் தட்டையாகத் தோன்றும். சிறுமிக்கு அங்கே ஒரு வேலை கொடுங்கள்: யானைகளுக்கு அருகில், பின்னங்கால்களால் நின்று தவம் செய்வதுபோல் நடிக்கும் பூனையையும், அதனை நம்பி நிற்கும் எலிகளையும் அவள் கண்டுபிடிக்கட்டும். கண்டபின் அவள் அவ்விடத்தை விட்டு எளிதில் வாராள்.

அதன் அருகிலேயே கிருஷ்ண மண்டபம் உள்ளது. அது வீதியின் மட்டத்திலேயே இருத்தலால் பாட்டியார் படியேற வேண்டுவதில்லை. கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்கும் கண்ணனும், கன்றை நக்கிக்கொண்டே பால் சுரக்கும் பசுவும், பால் கறக்கும் ஆயனும் அங்கே கல்லில் வாழ்கின்றனர். பாட்டியாரும் தாயாரும் அங்கே அமர்ந்திருக்க, மற்றையோர் குன்றின்மேல் ஏறலாம். குடும்பம் முழுவதும் எல்லா இடத்திற்கும் செல்ல வேண்டும் என்பது ஒரு வீண் பிடிவாதம். மிகவும் தளர்ந்தவரின் நடையே பயணத்தின் அளவுகோலாக இருத்தல் வேண்டும்.

குன்றின்மேல், கலங்கரை விளக்கத்திற்கு அருகில் மகிடாசுரமர்த்தினி மண்டபம் கிழக்கு நோக்கி அமைந்துள்ளது. காலை ஒன்பது மணிக்குள் அங்குச் சென்றுவிட்டால் ஒளி குகைக்குள் புகுந்து வழிகாட்டும். உள்ளே வடபுறச் சுவரில் சிங்கத்தின்மேல் வரும் கொற்றவை வில்லேந்திப் போர் புரிகின்றாள். எருமைத் தலையுடைய அசுரன் கதையைப் பற்றியவாறே பின்வாங்குகின்றான். எதிர்ச்சுவரில் திருமால் அரவணைமேல் அறிதுயில் கொள்கின்றார். ஒரு சுவரில் புயல், மறுசுவரில் அமைதி. இரண்டிற்கும் இடையே நின்று, முதலில் ஒன்றையும் பின்னர் மற்றொன்றையும் கால் மணி நேரமேனும் நோக்குங்கள். விரைந்து கடப்போர்க்கு அது கல். நின்று நோக்குவோர்க்கு அது காவியம்.

இக்குன்றில் வேலை முற்றுப்பெறாத குடைவரைகளும் உள. சிறுவர் இவற்றைத் தவறாமல் காண வேண்டும்; ஏனெனில் தொழிலின் மறைபொருள் இங்கேதான் வெளிப்படுகின்றது. சிற்பியர் பாறையின்மீது குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளக் கோடுகள் இட்டுக் கட்டங்களாகப் பிரித்தனர். பின்னர் இடையே எஞ்சிய கட்டிகளை உளியால் உடைத்தெடுத்தனர். இவ்வாறு படிப்படியாக உட்புகுந்தனர். வைத்துக் கட்டுவதில் பிழை நேர்ந்தால் வேறு கல்லை வைக்கலாம். குடைந்தெடுப்பதில் பிழை நேர்ந்தால் மாற்றுக்கல் இல்லை. அத்துணைக் கவனத்தோடு செய்த வேலையின்மீது சிலர் தம் பெயரை ஆணியால் கீறிச் செல்கின்றனர். 1958ஆம் ஆண்டின் தொல்லியற் சின்னங்கள் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். சட்டத்திற்கு அஞ்சியன்று, அச்சிற்பியருக்கு நாணியே நாம் அதனைத் தவிர்த்தல் வேண்டும். கைகளால் தடவுதலும் வேண்டா. நாள்தோறும் வருவோர் அனைவரும் தடவினால் கல்லும் தேயும்.

பத்தரை மணிக்குமேல் பாறை சுடத் தொடங்கும். அப்பொழுது குன்றை விட்டு இறங்கி, நிழலில் உண்டு, நன்றாக இளைப்பாறுங்கள். நண்பகலில் ஓய்வெடுத்தல் நேரத்தை வீணாக்குதல் அன்று. மாலையைக் காத்துக்கொள்ளுதல் ஆகும். பிற்பகல் மூன்று மணிக்கு வராக மண்டபத்திற்குச் செல்லலாம். அது மேற்கு நோக்கியது. ஆதலின் சாயும் கதிரே அதற்கு விளக்கு. நிலமகளை ஏந்திய வராகம், உலகளந்த பெருமான், யானைகள் நீராட்டும் திருமகள், கொற்றவை என்னும் நான்கு காட்சிகளை அங்கே காணலாம். காலையில் கிழக்கு நோக்கிய குகை, மாலையில் மேற்கு நோக்கிய குகை என்று இந்த ஒன்றை மட்டும் மறவாதிருந்தாலும் உங்கள் திட்டம் பாதி வெற்றி பெற்றதாகும்.

பின்னர் வண்டியில் ஏறி, சென்னை செல்லும் வழியில் 5 கிலோமீட்டர் வடக்கே வந்தால் சாளுவன்குப்பம். யாளித் தலைகள் சூழ நிற்கும் புலிக்குகை அங்கே கடலுக்கு அருகில் உள்ளது. பெயர் புலிக்குகையாயினும் புலி வாழ்ந்த குகை அன்று. பாறையைக் குடைந்தமைத்த மண்டபமே. அதன் அருகில் வேறொரு வியப்பும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் மோதியது. அதன்பின் இங்கே மணலிலிருந்து வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் துணைக்கொண்டு, 2005ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது பழைய முருகன் கோயில் ஒன்றின் அடிப்பகுதி தோன்றியது. கருங்கல் கட்டடத்தின் கீழே அதனினும் பழைய செங்கல் கட்டடம் இருந்தது. முற்காலத்திலும் கடல் பொங்கியே அக்கோயில் அழிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மூடியதும் கடல், திறந்து காட்டியதும் கடல்.

இவ்வாறு கடலின் ஆற்றலை அறிந்தபின் கடற்கரைக்கு வருவதே முறை. மாலையில் கதிரவன் நம் முதுகுப்புறம் சாய்வதால் கிழக்குக் கரையில் கண் கூசுவதில்லை, மணலும் ஆறும், காற்றும் இனிதாகும். ஆனால் இங்கே மகிழ்ச்சிக்கும் துயரத்திற்கும் இடையே சில அடித் தொலைவே உண்டு என்பதை மறவாதீர்கள். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில், சுற்றுலாச் சென்ற மருத்துவ மாணவர் ஐவர் பேரலையில் சிக்கி மாண்டனர். கடல் சீறும் என்னும் எச்சரிக்கை முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. கற்றவர்க்கும் கடல் கருணை காட்டுவதில்லை.

கடல் எவ்வாறு மனிதனை இழுக்கின்றது? அலைகள் அடுத்தடுத்துக் கரையில் மோதும்போது நீர் கரையோரத்தில் குவிகின்றது. குவிந்த நீர் திரும்பிச் செல்ல வழி தேடி, மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள தாழ்ந்த பகுதியில் ஓர் ஆறுபோல் கடலை நோக்கி ஓடுகின்றது. அவ்விடத்தில் அலை அதிகம் உடைவதில்லை. ஆகவே அமைதியாகத் தோன்றும். அறியாதார் அதுவே குளிக்கத் தக்க இடம் என்று இறங்குவர். அங்கேதான் இழுப்பு மிகுதி. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இடுவதால் களைத்து மூழ்குகின்றனர். பதறாமல் மிதந்து, கை உயர்த்தி உதவி கோரி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தை விட்டு விலகுவதே உய்யும் வழி. கரையில் நிற்போர் தாமும் குதித்துவிடலாகாது. கயிறு, காற்றடைத்த குழாய், மூடிய வெற்றுக் குடம் என மிதக்கும் பொருளை எறிந்து, மீனவரையும் காவலரையும் அழைத்தல் வேண்டும். 108 என்னும் எண்ணுக்கும் தெரிவித்தல் வேண்டும்.

எனவே நம் குடும்பத்திற்குரிய விதி எளியது: கால் நனைக்கலாம், கடலில் இறங்கிக் குளித்தல் வேண்டா. சிறுமியின் கை எப்பொழுதும் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்னும் நினைவே பல குடும்பங்களை அழவைத்தது. இன்னார் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். புறப்படுமுன் வானிலைத் துறையின் அறிவிப்பைக் கேளுங்கள். கடல் சீற்றம் என்றால் கரையை விட்டுவிட்டுக் குகையோடு திரும்புங்கள். கடல் திடீரென வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினால், வேடிக்கை பார்க்க நில்லாமல் மேட்டை நோக்கி ஓடுங்கள். ஆழிப்பேரலை வந்த அன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியதையும், நீரில் மறைந்திருந்த பாறைகள் வெளிப்பட்டதையும் கண்டவர் கூறியுள்ளனர்.

இருள் படருமுன் கரையை விட்டுப் புறப்படுங்கள். எடுத்து வந்த பொருள்களோடு குப்பையையும் மீட்டு எடுத்து வாருங்கள்.

ஐந்து இரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் விட்டுவிட்டோமே என்று சிலர் வருந்தக்கூடும். வருந்த வேண்டா, அவற்றை மறுமுறைக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் காத்திருந்த கல், இன்னும் ஓராண்டு நமக்காகக் காத்திருக்கும். அதனைக் காண நாம் அறுவரும் நலமாக இருத்தலே வேண்டுவது. புறப்பட்ட அறுவரும் அன்றிரவு ஒரே வீட்டில் ஒன்றாக அமர்ந்து, கண்டவற்றைப் பேசி மகிழ்ந்தால், அத்திட்டமே சிறந்த திட்டம்.